க்ளியரா தெரிஞ்சா ஸ்கோப் ஆயிடுமா?

காடாம்புலியூர் போனா மாமா வீட்டுப் பலாமரத்தடியில கட்டில் போட்டுத் தூங்குறதுதான் நம்ம வழக்கம். இந்தத் தடவை மச்சான் தூங்க விடலை. புதுசா வாங்கின ஏர் ரைஃபிளோட வந்து நின்னான். மேல கருகருன்னு ஒரு ஸ்கோப்.

"பாரு மச்சான், அந்தக் கொல்லை முந்திரி மரத்துல இலை நரம்பு கூடத் தெரியுது!"

தெரிஞ்சுது, ஒத்துக்கறேன். ஆனா பத்து மீட்டர்ல வச்ச அட்டையில காலையில நட்டநடுவுல விழுந்த பெல்லட், அம்பது குண்டு போட்டதும் ரெண்டு விரல் தள்ளி விழுந்துச்சு. கேட்டா "காத்து மச்சான்"ங்கறான். பத்து மீட்டர்ல என்னய்யா காத்து?

இவனை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. ஸ்கோப்பைப் பத்திப் பேசுற ஆளுங்க முக்காவாசிப் பேர் பொட்டியைப் பிரிப்பாங்க, ஒருதரம் எட்டிப் பார்ப்பாங்க, "சூப்பர் க்ளாரிட்டி"ன்னு தீர்ப்பு எழுதிடுவாங்க. க்ளாரிட்டி மட்டும் போதும்னா பைனாகுலர் வாங்கிட்டுப் போகலாமே! ஸ்கோப்போட முதல் வேலை, உள்ளே இருக்கிற குறுக்குக்கோடு வச்ச இடத்துல நிக்கிறது. கண்ணாடி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அதுவும் ஸ்ப்ரிங் வச்ச ஏர் ரைஃபிள் ஒரு பொல்லாத மிருகம். வேட்டைத் துப்பாக்கி சுட்டா பின்னால உதைக்கும், அவ்வளவுதான். இதுல பிஸ்டன் முன்னால பாயும்போது துப்பாக்கி பின்னால போகும். பிஸ்டன் போய் முட்டி நிக்கும்போது சடார்னு முன்னால இழுக்கும். ஒரு பக்க உதையை மட்டும் மனசுல வச்சுக் கட்டின ஸ்கோப், எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், இதுல சீக்கிரமே ஆட்டம் காணும்.

இன்னொண்ணு, இடமாறு தோற்றப்பிழை. பதினொண்ணாம் வகுப்பு லேபுல படிச்சோமே, அதேதான். வேட்டை ஸ்கோப் பலதுல இது 100 கஜத்துக்கு சரி பண்ணி வச்சிருப்பாங்க. பத்து மீட்டர்ல பார்த்தா படமும் கலங்கும், தலையை லேசா ஆட்டினா கோடும் குறி மேல நகரும். தூரத்துக்கு ஏத்த மாதிரி ஃபோகஸ் திருப்புற வசதி இல்லாத ஸ்கோப்பை ஏர் ரைஃபிளுக்குன்னு விக்கிறவனை என்ன சொல்ல?

3-9×40ன்னு போட்டிருக்குமே, அதுல 40ங்கறது முன் லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 9 மடங்குல வச்சா கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம் 40ஐ 9ஆல வகுத்தா சுமார் 4.4 மி.மீ. மடங்கு ஏற ஏற அது சுருங்கி, சாயங்கால வெளிச்சத்துல படம் மங்கும். பெரிய நம்பருக்கு மயங்குறவங்க இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்க.

சரி, நான் செஞ்சது இதுதான். சாஃப்ட்வேர்காரன் புத்தி, முழு சிஸ்டத்தையும் ஒண்ணா டெஸ்ட் பண்ணா பிழை யார் மேலன்னு தெரியாது. ஸ்கோப்பைக் கழட்டி, தெரிஞ்ச லேத் பட்டறையில வைஸ்ல இறுக்கினோம் (அடியில ரப்பர் வச்சுத்தான்). பத்து மீட்டர்ல கிராஃப் பேப்பர். கண்ணு நகரக்கூடாதுன்னு பார்க்கிற பக்கம் ஓட்டை போட்ட ஒரு அட்டை. ஒரு க்ளிக் கால் ஆர்க் நிமிடம், அதாவது பத்து மீட்டர்ல 0.73 மி.மீ. நாப்பது க்ளிக்குக்கு 29 மி.மீ. நகரணும். நகர்ந்தது 24. திரும்ப நாப்பது க்ளிக் பின்னால வந்தா பழைய இடத்துக்கு 3 மி.மீ. முன்னாடியே நின்னுடுச்சு. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால லேசா ஒரு தட்டு தட்டினோம், கோடு குதிச்சு இன்னொரு கட்டத்துல உக்காந்துச்சு. மச்சான் மூஞ்சியைப் பார்க்கணுமே!

"கம்மி விலை ஸ்கோப்புக்கு இவ்வளவு சோதனையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். கிராஃப் பேப்பர் என்ன விலைங்க? நிறைய விலை கொடுத்தவங்க இன்னும் கட்டாயம் செய்யணும்.

இன்னொரு கூத்து. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில ஸ்கோப்பே கிடையாது. சின்ன ஓட்டை வழியாத்தான் பார்க்கணும், நடுவுல இருக்கிற பத்து வெறும் அரை மில்லிமீட்டர். நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ல ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கினது அப்படித்தான். அதைச் சொன்னதும் மச்சான் கொஞ்ச நேரம் பேசலை.

அப்புறம் மெதுவா, "தோட்டத்துல புறா வருது மச்சான், அதுக்குத்தான்…"ன்னு இழுத்தான். அந்தப் பொட்டி மேல மான் படம் போட்டு விக்கிறவனை இங்கதான் உதைக்கணும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான், மயில் மட்டுமில்லை, மணிப்புறா, மைனா, கொக்கு அடிச்சாலும் குத்தம். ரைஃபிள் வாங்க லைசென்ஸ் வேணாம்ங்கறது வேற (4.5 மி.மீ. வரைக்கும், 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா), எதையும் சுடலாம்ங்கறது வேற. ரெண்டு விரல் தள்ளிப் போற ஸ்கோப்பை வச்சு அடிச்சா பறவை சாகக்கூட சாகாது, றெக்கை ஒடிஞ்சு முந்திரிக் கொல்லையில கிடக்கும்.

ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பியாச்சு. விக்கிறவர் பதில்: "க்ளியரா தெரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" காசு இன்னும் வரலை. மச்சான் இப்போ ஸ்கோப் இல்லாமலே அட்டையில சுட்டுப் பழகுறான். காலையில மூணு குண்டு ஒரே ஓட்டையிலன்னு போன் வந்துச்சு.