கட்டளையில்லாத் தடை

ஒரு செய்தி அலைவரிசையை ஒழிப்பதற்கு அரசு கட்டளை பிறப்பிக்கவேண்டும், பொலிஸாரை அனுப்பவேண்டும் என்றே நம்மிற் பலர் இன்னும் எண்ணுகின்றனர். கட்டளை இல்லையெனிற் சுதந்திரம் உண்டு என்பது அவர்தம் முடிபு. அம்முடிபு எத்துணைப் பேதைமையானது என்பதை, மழை எனப் பொருள்படும் ‘தோஷ்த்’ என்ற ரஷ்யத் தொலைக்காட்சியின் வரலாறு காட்டுகின்றது.

2010இல் நத்தாலியா சின்தேயெவா மொஸ்கோவில் தொடங்கிய இவ்வலைவரிசை, 2011 டிசெம்பரில் தேர்தல் மோசடிக்கெதிராக மக்கள் வீதியில் இறங்கியபோது அதனை விரிவாகக் காட்டியது. ஆளுங்கும்பலின் கண் அன்றே அதன்மீது விழுந்துவிட்டது எனலாம். சாட்டு 2014 சனவரியில் வாய்த்தது. உலகப் போரில் 872 நாட்கள் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரை, மக்களுயிரைக் காக்கும்பொருட்டு எதிரியிடம் ஒப்படைத்திருக்கலாமா என நேயர்களிடம் அது வினவியது. வினா நயமற்றது, பட்டினிக்கு உறவுகளைப் பறிகொடுத்தோரைப் புண்படுத்தியது. அலைவரிசை அதனை நீக்கி மன்னிப்புங் கோரியது. விடயம் அத்துடன் முடிந்திருக்கவேண்டும்.

முடியவில்லை. கேபிள் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பைத் துண்டித்தன. வணிகர்களின் தீர்மானத்துக்கு அரசு என்ன செய்யும் என்றனர் சிலர். பின்னர் கட்டட உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தார். கட்டண அலைவரிசைகளில் விளம்பரத்தைத் தடுக்குஞ் சட்டமும் அவ்வாண்டே வந்தது. ஆண்டிறுதியில் ஒரு குடியிருப்பு வீட்டின் அறையிலிருந்து செய்தி வாசித்தார்கள்! சந்தையின் சுதந்திரத்தைப் போதிப்போர் விடை கூறட்டும்: நேயர் விரும்பிய பண்டத்தை வியாபாரிகள் பலரும் சில வாரங்களுள் ஒருமிக்கக் கடையைவிட்டு அகற்றுவது எந்தச் சந்தையின் விதி?

2021 ஓகஸ்டில் ‘வெளிநாட்டு முகவர்’ என்ற முத்திரை குத்தப்பட்டது. உக்ரேன் மீதான படையெடுப்பின் பின், 2022 மார்ச் 1இல் இணையத்தளம் முடக்கப்பட்டது. மார்ச் 3இல் ஒளிபரப்பு நின்றது. வெளிப்படையான தடை இங்குதான் தோன்றுகின்றது. முந்திய எட்டாண்டுகளில் அது தேவைப்படவேயில்லை.

லத்வியாவும் இதனைத்தானே செய்தது என்று கேட்போர் உளர். அங்கு தஞ்சம் புகுந்து ஒளிபரப்பிய அலைவரிசையின் அனுமதிப்பத்திரத்தை அந்நாடு 2022 டிசெம்பரில் இரத்துச் செய்தது உண்மை. போர்முனையிலுள்ள ரஷ்யச் சிப்பாய்களுக்கு உபகரணங்கள் கிடைக்க உதவியிருப்போம் என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பாளர் பேசியது உடனடிக் காரணம்; முந்திய மீறல்களும் கணக்கிற் சேர்ந்தன. அறிவிப்பாளர் வேலைநீக்கப்பட்ட பின்னரும் நிலையத்தையே மூடியது மிகையான தண்டனை என்பேன், சோவியத் ஆட்சியைக் கண்ட சிறுநாட்டின் அச்சம் எனக்கு விளங்கினும். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. லத்வியாவிற் கட்டளை காரணங்களுடன் பகிரங்கமாக வந்தது. அதனை எதிர்த்து வழக்காடலாம். 2014இன் மொஸ்கோவில் எதிர்த்து வழக்காடுவதற்கு ஒரு கட்டளையே இருக்கவில்லை.

அலைவரிசை 2023இல் நெதர்லாந்துக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டு யூலையில் ரஷ்ய அரசு அதனை ‘விரும்பத்தகாத அமைப்பு’ எனப் பிரகடனஞ் செய்தது. கேபிள் அறுந்த காலத்திற் சந்தாப் பணத்தால் அதனைத் தாங்கி நின்றோர் ரஷ்ய நேயர்கள். அப்பிரகடனத்தின் பின், அவர்கள் அதற்குப் பணம் அனுப்புவது தண்டனைக்குரிய குற்றமாகும்.