ஹீட்டர் மாற்றப் போகிறீர்களா?

இந்தத் தடவை சமையலறையை விட்டுக் குளியலறைப் பக்கம் போவோம். மார்கழிக் குளிருக்குள் பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிசு மாட்ட நினைக்கிற சகோதரிகள் பலர் இருப்பீர்கள். "அது ஆம்பிளைங்க சமாசாரம், ஆள் வந்து மாட்டிட்டுப் போவான்" என்று அடுப்படியிலேயே இருந்துவிடாதீர்கள். அந்த வெந்நீரில் குழந்தையைக் குளிப்பாட்டப் போவது நாம்தானே!

எங்கள் வீட்டு ஹீட்டர் பன்னிரண்டு வருஷம் உழைத்தது. போர் தண்ணீர் ஒரே உப்பு. உள்தொட்டி அரித்து, அடியிலிருந்து துருத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. குழாய் இணைப்பிலோ வால்விலோ கசிவு என்றால் சரி பண்ணிக்கொள்ளலாம். தொட்டியே அரித்துவிட்டால் ஒட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை. பெண் தலைப்பிரசவத்துக்கு வருகிற நேரம் வேறு.

கடையில் 25 லிட்டர்தான் வாங்கணும் என்று வற்புறுத்தினார்கள். நான் மசியவில்லை. 15 லிட்டரை 60 டிகிரிக்குச் சுடவைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து விளாவினால் சுமார் 40 லிட்டர் இதமான வெந்நீர் கிடைக்கும். அதாவது ரெண்டு பெரிய பக்கெட். பக்கெட்டில் மொண்டு குளிக்கும் குடும்பத்துக்கு அது போதும். 2000 வாட் ஹீட்டரில் அது சுட இருபது நிமிஷம் போல ஆகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியும் பார்த்து வாங்கினேன். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட தொட்டியாகக் கேளுங்கள்.

மாட்ட வந்த பையன் நல்ல வேலைக்காரன்தான். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தண்ணீரை வடித்துப் பழசை இறக்கினான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ப்ளக் பாயிண்டைக் கழற்றினால், மேலே உள்ள பெரிய துளைக்கு வயரே வரவில்லை. அதுதான் எர்த் துளை. பன்னிரண்டு வருஷமும் எர்த் இல்லாமலே ஓடியிருக்கிறது! பழைய கட்டடங்களில் இப்படி நிறைய உண்டாம்.

ஹீட்டருக்குள் இருக்கும் எலிமெண்ட் வெடித்தால் மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் வந்துவிடும். எர்த் இருந்தால் அது நேரே தரைக்கு இறங்கிவிடும், ஃப்யூஸ் போய்விடும். இல்லாவிட்டால் ஈரக்காலோடு குழாயைத் திருகுகிற நம் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

"கவலைப்படாதீங்கக்கா, நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு வயரை எர்த்துக்குக் கொடுத்துடறேன்" என்றான் பையன். "வேண்டவே வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். என் தம்பி மில்லில் எலெக்ட்ரீஷியன். இந்த 'லூப்' போடுகிற வேலையைப் பற்றி அவன் பலமுறை எச்சரித்திருக்கிறான். எங்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், எலிமெண்ட் வழியாக வருகிற மின்சாரம் அந்தத் துண்டு வயர் மூலமாகவே தொட்டிக்கு வந்துவிடும். எர்த் இல்லாமலிருப்பதைவிட இது மோசம்.

"பன்னண்டு வருஷமா ஒண்ணும் ஆகலியேக்கா" என்று முணுமுணுத்தான். இவரும் "ஒருநாள் வேலைதானே, அப்புறம் பார்த்துக்கலாமே" என்றார். அப்புறம் என்பது நம் வீடுகளில் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்! மெயின் போர்டிலிருந்து பச்சை வயர் இழுத்த பிறகுதான் புது ஹீட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்க விட்டேன். போர்டில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.ஸி.ஸி.பி. ஒன்றும் மாட்டச் சொன்னேன். மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் அது விழுந்துவிடும். எல்லாமாகச் சேர்ந்து ஹீட்டர் விலையில் கால்பங்குகூட ஆகவில்லை.

ப்ளக் பாயிண்ட் 16 ஆம்பியராக இருக்கட்டும். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். சின்ன பாயிண்டில் அடாப்டர் வைத்துச் செருகினால் கருகிப் போகும்.

அடுத்தது, அடியில் இருக்கும் வால்வு. தண்ணீர் சுடச்சுடப் பெருகும். 15 லிட்டர் சுடும்போது ஒரு டம்ளர் அளவு அதிகமாகிவிடும். அது சொட்டுச் சொட்டாக இந்த வால்வு வழியே இறங்கவேண்டும். "தண்ணி ஒழுகுது" என்று அதில் தக்கை அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும். அதில் ஒரு ரப்பர் ட்யூப் மாட்டி வடிகால் பக்கம் விட்டுவிடுங்கள். ஸ்விட்ச் போடாத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

மாட்டியவுடனே ஸ்விட்சைத் தட்டக்கூடாது. வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் நின்று விழுகிற வரை காத்திருங்கள். காலித் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் கருகிவிடும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சூட்டை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் பிஞ்சுத் தோலைப் பொசுக்கிவிடும். டப்பில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். விளாவியதும் முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. எர்த் இருந்தாலும் குளிக்கப் போகுமுன் ஸ்விட்சை அணைக்கிற வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. (மாமியாருக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கும் மருமகள் மாதிரி!) உப்புத் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஆளை வைத்துக் கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் வேறு போடச் சொல்லுங்கள். எலிமெண்டில் படிந்திருக்கும் வெள்ளை உப்பையும் அப்போதே சுரண்டிவிடலாம். மாட்டிய தேதியை ஹீட்டர் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன், கேட்டால் ஞாபகம் வராது பாருங்கள்.