திராட்சை நாட்டில் ஒளிப் பயிர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியா இராஜ்யத்தில் பாஸோ ரோபிள்ஸ் என்னும் ஊரைச் சுற்றி ஏறக்குறைய 40,000 ஏக்கர் நிலத்தில் திராட்சை சாகுபடியாகிறது. பழத்தில் பெரும் பாகம் மது வடிப்பதற்கே செல்கிறது. மதுவைக் குறித்து அவரவர் அபிப்பிராயம் எவ்வாறாயினும், இவ்வூரை அடுத்த மேட்டு நிலத்தில் 2019-ம் வருஷம் மே மாதத்தில் 15 ஏக்கர் பரப்பில் ஏற்பட்ட ஒளிக்காட்சி நிலமுடையோர் கவனிக்கத்தக்கது.

இதை அமைத்தவர் புரூஸ் மன்ரோ என்னும் ஆங்கிலேயக் கலைஞர். 1992-ல் ஆஸ்திரேலியாவின் நடுவேயுள்ள உளுரு என்னும் பெரும் பாறையைக் காணச் சென்றபோது, வறண்ட மண்ணில் மழைக்காகக் காத்துக் கிடந்து பின்னர் ஒருங்கே முளைத்துப் பூக்கும் விதைகளைப்பற்றி அவருக்குத் தோன்றிய எண்ணத்திலிருந்து இது பிறந்தது. மானாவாரிக் குடியானவனுக்கு அவ்வெண்ணம் புதிதன்று.

பொழுது சாயுமுன் அங்கு செல்பவர் காண்பது அதிகமில்லை. காய்ந்த புல்லும், ஓக் மரங்களும், அவற்றினிடையே 58,800 மெல்லிய தண்டுகளும் நிற்கும். தண்டின் நுனிதோறும் ஓர் உருண்டை உண்டு. பகலில் சூரிய சக்தியினால் சேகரித்த மின்சாரத்தைக்கொண்டு விளக்குகள் எரிய, அவற்றின் ஒளி நுண்ணிய இழைகளின் வழியே உருண்டைகளை அடைகிறது. இருள் கவியக் கவிய மேடும் பள்ளமும் நீலமாகவும் செம்மையாகவும் ஊதாவாகவும் மெல்ல நிறம் மாறுகின்றன. பார்ப்போர் பாதைகளின் வழியே நடந்து சுற்றி வருகின்றனர். போர்வையின்றிச் செல்பவர் வருந்துவர். அங்கே கோடையில் பகலுக்கும் இரவுக்கும் பாரன்ஹீட் அளவில் 40 டிகிரிக்கு மேலும் வித்தியாசமுண்டு. திராட்சையின் புளிப்பைக் காப்பதும் அந்தக் குளிர்தான்.

இப்பயிருக்குப் பாசனம் வேண்டுவதில்லை என்பதே இங்கு முக்கியம். பாஸோ ரோபிள்ஸ் நிலத்தடி நீரில் வருஷந்தோறும் ஊறுவதற்கு அதிகமாக இறைக்கப்பட்டு வந்தது. 2013-ல் வீட்டுக் கிணறுகள் பல வற்றிப்போகவே, ஜில்லா நிர்வாகம் அவசரச் சட்டமொன்றைப் பிறப்பித்தது. புதிதாகப் பாசனம் செய்ய விரும்புவோர் அதற்கு ஈடான நீரை வேறிடத்தில் மிச்சப்படுத்திக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். 2014-ல் இயற்றப்பட்ட இராஜ்யச் சட்டம், இப்படுகையைப் போல் மிகவும் நலிந்தவை 2040-க்குள் சமநிலைக்கு வரவேண்டுமென விதிக்கிறது. இந்நிலையில், ஒரு சொட்டும் இறைக்காமல் 15 ஏக்கரில் வருமானம் காண்பதை வீண் ஆடம்பரமென்று தள்ளிவிடுவது நியாயமாகாது. வேண்டாதபோது தண்டுகளைப் பிடுங்கிவிட்டு ஆடுமாடுகளை மேயவிடலாம். மனைக்கட்டாகப் போன நிலத்துக்கு அந்த வழியில்லை.

ஆயினும் பக்கத்து நிலக்காரர் எல்லோரும் இதே வழியில் இறங்கினால் பலன் தராது. காண வருவோர் பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களையும் அங்குள்ள இருநூறுக்கு மேற்பட்ட மதுச்சாலைகளையும் நாடி வருபவரே; ஒளியானது அவர்களை ஓரிரவு தங்கச் செய்கிறது, அவ்வளவே. கிணறுகள் வற்றித் தோட்டங்கள் பட்டுப்போனால் இவ்விளக்குகளை மட்டும் பார்க்க எத்தனை பேர் வருவர்? ஆகவே நீரை அளந்து இறைக்கும் பொறுப்பு திராட்சைக்காரரை விட்டு நீங்கவில்லை. காட்சியை நடத்துவோரும் அதில் அக்கறையற்றவராயிருக்க முடியாது.

2021-ல் மன்ரோ அவ்விடத்திலேயே 69 ஒளிக் கோபுரங்களையும் நிறுவினார். அவற்றுக்குக் கல்லுமில்லை, சுண்ணாம்புமில்லை. 17,000-க்கு மேற்பட்ட மதுப் புட்டிகளை அடுக்கி, உள்ளே ஒளியிழைகளைச் செலுத்தியிருக்கிறார்.