தங்கமீன் துரத்துவது ஏன்?

வீட்டில் தங்கமீன் வளர்ப்போர் பலருடைய வாயிலிருந்து ஒரே விதமான முறையீடு நம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. "இதுநாள் வரையில் சாதுவாக இருந்த மீன், விடிந்ததும் விடியாததுமாக மற்றொன்றைத் துரத்தத் தொடங்கிவிட்டது, வயிற்றிலே முட்டுகிறது, மூலைக்கு மூலை விரட்டுகிறது, இந்தப் போக்கிரியை என்ன செய்யலாம்?" என்பதே அம்முறையீடு. வேறு சிலரோ, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றை மீனை விட்டு, "எங்கள் மீன் எந்த வம்புக்கும் போவதில்லை" என்று பெருமை பேசுகின்றனர். முன்னவர் பகையென்று எண்ணுவது பெரும்பாலும் பகையன்று. பின்னவர் சாந்தமென்று எண்ணுவதும் சாந்தமன்று. இதையே இவ்வாரம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தங்கமீனின் பூர்வீகம் சீன தேசம். அங்கே நீர்நிலைகளில் கூட்டமாகத் திரியும் மங்கிய நிறமுள்ள கெண்டை வகை மீன்களிடையே, என்றோ சில பொன்னிறமாகப் பிறந்தன. அவற்றைத் தனியே எடுத்துப் போற்றி வளர்க்கும் வழக்கம் 960 முதல் 1279 வரை ஆண்ட ஸோங் வமிசத்தார் காலத்தில் ஓங்கி வளர்ந்தது. அன்று முதல் மனிதன் அதன் நிறத்தைப் பெருக்கினான், வாலை இரட்டையாக்கினான், கண்ணைப் பிதுங்கச் செய்தான், ஆனால் அதன் இயல்பை மாற்ற அவனால் இயலவில்லை. இன்றும் அது கூட்டத்தில் வாழும் பிராணியே. தனக்கென்று எல்லை வகுத்துக்கொண்டு காவல் காப்பதில்லை, கூடு கட்டுவதில்லை, ஜோடி பிரியாமல் இல்லறம் நடத்துவதுமில்லை. சேர்ந்து மேய்வதும் சேர்ந்து உறங்குவதுமே அதன் வழக்கம். மூன்று விநாடிக்கு மேல் அதற்கு ஞாபகம் நிற்காதென்பது வெறுங் கட்டுக்கதை. குறித்த வேளையில் இரை போட்டுப் பழக்கினால், அவ்வேளை நெருங்கும்போதே மீன்கள் உரிய இடத்தில் கூடி நிற்பதை எவரும் காணலாம்.

இம்மீன்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாஷை எது? முக்கியமாக அது ஜலத்தில் கரைந்த வாசனையே. கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர், சிறு மீனொன்றின் தோல் கிழிபட்டால் அதிலிருந்து கசியும் ஒரு பொருளை முகர்ந்தே அதன் கூட்டம் முழுவதும் அஞ்சி ஓடுகிறதென்பதை 1938-ஆம் ஆண்டில் விவரித்தார். அதன் உறவினமாகிய தங்கமீனுக்கும் இவ்வியல்பு உண்டு. அச்சத்தை அறிவிக்கும் அந்த வழியே ஆசையையும் அறிவிக்கிறது.

ஆண் எது, பெண் எது என்பதைக் குஞ்சுப் பருவத்தில் கண்டுகொள்வது அரிது. ஆகையால் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சின்னஞ்சிறு மீன்களை வாங்குவோர், "ஒரு ஜோடியாகக் கொடுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. ஏறக்குறைய ஒரு வயதான பின்னர், இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்னோரத்திலும் வெண்மையான சிறு பருக்கள் தோன்றும். இதை நோயென்று கருதி மருந்தை ஊற்றுவோரும் உளர். வெண்புள்ளி நோயானால் உடலெங்கும் துடுப்பெங்கும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். இப்பருக்களோ மேற்சொன்ன இடங்களில் வரிசையாக அமைந்திருக்கும். பெண்மீனின் வயிறு சினையால் பருத்துக் காணும்.

இனித் துரத்தலின் இரகசியத்தைப் பார்ப்போம். கானடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த நார்மன் ஸ்டேஸி, அவருடைய சகாவான பீட்டர் ஸோரென்ஸன் முதலியோர் 1980-ஆம் ஆண்டுகள் தொட்டு இதை ஆராய்ந்து வந்தனர். சினை முதிர்ந்த பெண்மீன், முட்டை வெளிப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பாகவே தன் உடலில் ஊறும் ஒருவிதச் சுரப்புநீரை ஜலத்தில் கசியவிடுகிறது. கோடானுகோடிப் பங்கு ஜலத்தில் ஒரு பங்கு கலந்தாலும் ஆண்மீன் அதை உணர்ந்துகொள்ளும். இரவோடிரவாக அதன் உடலில் விந்து பெருகும். பின்னர் முட்டைகள் குழலில் இறங்கியதும், பெண்மீன் வேறொரு பொருளை வெளியிடுகிறது. அதை முகர்ந்த கணமே ஆண்மீன்கள் பின்தொடர்கின்றன. ஆகவே துரத்தலுக்கு முதல் அழைப்பு பெண்ணிடமிருந்தே பிறக்கிறது என்பது வியப்பன்றோ!

விடியற்காலையில் பெண்மீன் நீர்ச்செடிகளினூடே பாயும். ஆண்மீன்கள் அதன் வயிற்றை முட்டியவண்ணம் உடன் செல்லும். முட்டைகள் உதிர்ந்து செடிகளில் ஒட்டிக்கொள்ளும். குளத்திலே இது இயல்பாக நடந்து முடியும். சிறு தொட்டியிலோ நிலைமை வேறு. பெண்மீன் ஒதுங்க இடமில்லை. அழைப்பு வாசனையும் அகலுவதற்கு வழியில்லை. இரண்டு மூன்று ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் அகப்பட்டுக்கொண்டால், செதில் உதிர்ந்து களைத்துச் சில வேளைகளில் உயிரையே விட்டுவிடும். இது ஆண்மீனின் குற்றமன்று, தொட்டியின் குற்றம், அதாவது நம்முடைய குற்றம்.

பரிகாரம் கடினமன்று. அகன்ற தொட்டியும் அடர்ந்த நீர்ச்செடிகளும் வேண்டும். பெண்மீன்கள் மிகுதியாக இருத்தல் நலம். பெண்மீன் மிகவும் சோர்ந்தால் சில நாள் தடுப்பு வைத்துப் பிரிக்கலாம். குஞ்சு வேண்டுவோர் முட்டையிட்டவுடன் பெரிய மீன்களை அப்புறப்படுத்த வேண்டும். ஏனெனில் பெற்றவையே முட்டைகளைத் தின்றுவிடும். ஜலத்தின் வெப்பத்திற்கேற்ப மூன்று நாள் முதல் ஒரு வாரத்திற்குள் குஞ்சுகள் வெளிவரும். அவை பொன்னிறமாக இல்லையே என்று ஏங்க வேண்டாம். முன்னோரைப் போல் கருமை படர்ந்தே பிறந்து, பல மாதங்கள் கழித்தே நிறம் மாறும்.

ஒற்றை மீனைக் கிண்ணத்தில் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. துரத்த ஒருவருமில்லாத இடத்தில் துணையும் இல்லை. உருண்டைக் கிண்ணத்தில் காற்றுப் படும் நீர்ப்பரப்பு குறைவு. கழிவோ விரைவில் சேரும். ரோமாபுரி நகராட்சி 2005-ஆம் ஆண்டில் இத்தகைய கிண்ணங்களில் மீன் வளர்ப்பதையே தடை செய்தது. நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய ஜீவனை, மேஜை அலங்காரமாகச் சில மாதங்களில் மடிய விடுவது எவ்வாறு பொருந்தும்?

வாயில்லா ஜீவனென்று மீனைச் சொல்லுகிறோம். அதற்கும் பாஷை உண்டு. நம் செவிக்கு எட்டாத பாஷை. அதைக் கற்றுக்கொண்ட பின்னரே, தொட்டியில் நிகழ்வது சண்டையா, சமாதானமா என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையுண்டு.