சேரிக்கு எதுக்கு செல்போன்?

‘அதுங்க கையிலகூட டச் போன் வந்துடுச்சு சார்.’

நெய்வேலி நகரியத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. வங்கிக் கவுண்டரில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில். சொல்கிறவர் கொடியவர் இல்லை. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ முப்பது வருஷம் உழைத்தவர். பேரனுக்கு டேப்லெட் வாங்கித் தந்தவர். வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவர். நான் யார் என்று தெரியாததால் என்னிடம் சொல்கிறார். தெரிந்திருந்தால் பக்கத்துக் கவுண்டரில் சொல்வார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கவிதை எழுதுகிறவனுக்கு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கிற புத்தி போகாது. ‘அதுங்க’: மனுசங்க அஃறிணை. ‘கூட’: வரக்கூடாத இடம். ‘வந்துடுச்சு’: வாங்கவில்லை, கூலி சேர்த்துக் கட்டவில்லை, ஏரி உடைந்து தண்ணி வந்த மாதிரி தானாக வந்துவிட்டது. இந்த வாக்கியத்தில் போனைப் பற்றிய அபிப்பிராயம் எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் கையைப் பற்றிய அபிப்பிராயம்.

பொருள்களைப் பற்றி நம் ஊரில் புழங்குகிற அன்றாட அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ‘இலவசம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க’ என்பது ஒன்று. ‘செல்போன் வந்துதான் பிள்ளைங்க கெட்டுது’ என்பது இரண்டு. ‘மெஷினுக்கு என்னங்க சாதி’ என்பது மூன்று. மூன்றையும் பொதுப்புத்தி என்கிறார்கள். யாருடைய பொது, யாருடைய புத்தி என்று கேட்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலாவது. 2006இல் தி.மு.க. அரசு வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். 2011 செப்டம்பரில் அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று தொடங்கியது. பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. சேரிக்கு மட்டும் தரவில்லை. ஊர்த்தெருவும் வாங்கியது. ஆனால் ‘இலவசத்தால் சோம்பேறி ஆனவர்கள்’ என்று விரல் நீட்டும்போது அந்த விரல் ஊர்த்தெருப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை.

டிவி வந்தபோது உண்மையில் என்ன நடந்தது? அதற்கு முந்தைய தலைமுறை வெள்ளிக்கிழமை ராத்திரி ஒலியும் ஒளியும் பார்த்தது எங்கிருந்து? ஊர்த்தெரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று. உள்ளே வரக்கூடாது, கம்பியைப் பிடிக்கக்கூடாது, விளம்பரம் வரும்போது வாசலைக் கூட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடு. பாட்டு பார்க்கக் கூலி வேலை. 2006 அந்த ஜன்னலைச் சாத்தியது. நம் பிள்ளை நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தான். இதில் யாருக்கு நஷ்டம்? ஜன்னல்காரனுக்கு. வெளியே நிற்க ஆள் இல்லாமல் போயிற்று. ‘கெட்டுப்போச்சு’ என்கிறானே, எது கெட்டது என்று இப்போது புரிகிறதா தோழர்களே!

அதே வகைதான் கிரைண்டரும். அதைக் கிண்டலடித்தவர்களில் ஆட்டுக்கல் பிடித்துக் கை காய்த்தவர் எத்தனை பேர்? காந்தி எந்திரத்தைச் சந்தேகப்பட்டபோது அண்ணல் அம்பேத்கர் அதை நேருக்கு நேர் மறுத்தார். 1945இல் வந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன?’ நூலில் அவர் வாதம் தெளிவானது: மாட்டைப்போல உழைத்தே சாகிற வாழ்விலிருந்து மனிதனை மீட்பது எந்திரம், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை, கோளாறு எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது. எளிமை என்கிற அழகு, வசதி உள்ளவன் தேர்ந்தெடுத்துக்கொள்வது. நம்மேல் அது சுமத்தப்பட்டது.

தேர்தல் அறிக்கையில் இலவசப் பொருள் தருவதாகச் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் பிரதமர் ‘ரேவடி’ என்று மிட்டாய்ப் பெயர் வைத்துக் கேலி செய்தார். நகரியத்துக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மரம் நின்ற அகலச் சாலை எல்லாம் பொதுப்பணத்தில் வந்தவை. அதற்குப் பெயர் வசதி. ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு ஃபேன் போனால் அதற்குப் பெயர் இலவசம். தொழிலாளி போராடிப் பெற்றதை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே பணத்துக்கு இரண்டு பெயர் எதற்கு என்றுதான் கேட்கிறேன். 2020இல் பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது அரசு. 2006இல் ‘கெடுத்த’ பெட்டி 2020இல் வாத்தியார் ஆனது. அப்போது மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது. ‘செல்போன் வந்துதான் காதல், ஓடிப்போறது எல்லாம்.’

நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் பக்கம் போனால் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை. கண்ணகியையும் முருகேசனையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் நம் பையன், இன்ஜினியரிங் பட்டதாரி. அப்போது யார் கையில் டச் போன் இருந்தது? காதல் வந்தது போனால் அல்ல. படிப்பு வந்தது, சமமாக நிமிர்ந்து பார்க்கிற கண் வந்தது, அதனால் வந்தது. கொன்றதும் போன் அல்ல. 18 வருஷம் கழித்து 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் முடிந்தது.

பொருள்மீது இருக்கிற கோபம் பழைய கோபம். 1995 ஆகஸ்ட் 31, தூத்துக்குடிப் பக்கம் கொடியங்குளம். நூற்றுக்கணக்கில் உள்ளே புகுந்த போலீஸ் எதைத் தேடி உடைத்தது? டிவி, டேப் ரிக்கார்டர், ஃபேன், தையல் மெஷின். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசில் வாங்கியவை. தானியத்தைக் கொட்டி நாசம் பண்ணினார்கள், குடிக்கிற கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று அந்த மக்கள் சொன்னார்கள். கலவரத்தை அடக்க வந்தவனுக்குத் தையல் மெஷின்மேல் என்ன பகை? 2012 நவம்பர் 7, தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 250 வீட்டுக்கும் மேல் சூறையாடினார்கள். பைக்கை வெளியே இழுத்துப்போட்டு எரித்தார்கள். டிவி, ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் அடித்து நொறுக்கினார்கள். அதையொட்டிப் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசியது என்ன? ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று. பட்டினி கிடக்கிற தலித்மேல் இவர்களுக்கு இரக்கம் உண்டு. கண்ணாடி போட்ட தலித்தைத்தான் சகிக்க முடியவில்லை.

மாணவத் தோழர்களே, இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில். அங்கிருந்து அவனைக் கூட்டிப்போனது கேமராவில் பதிந்தது. வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கேமரா பிறழவில்லை. 2022இல் ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் முதல் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் அதே முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வெளியிட்டு வீரம் பேசிக்கொண்டிருந்தான் என்பதையும் மறக்காதீர்கள். சாதனம் யார் பக்கமும் பிறக்கவில்லை. யார் கையில், யார் கேட்கிறார்கள், யார் சேமித்து வைக்கிறார்கள் என்பதில்தான் பக்கம் இருக்கிறது.

மூன்றாவது பொய்தான் இருப்பதிலேயே மென்மையான பொய். ‘மெஷினுக்குச் சாதி தெரியாது.’

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி உடைக்கிற பொம்பளைகளின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? முந்திரித் தோட்டு எண்ணெய் விரல் நுனியை அரித்துக் கறுப்பாக்கிவிடும். ரேகை தேய்ந்துபோகும். பென்ஷன் பணம் எடுக்க வருவார்கள். விரலை வைத்தால் மெஷின் சிவப்பு காட்டும். ‘இன்னொரு தபா வை ஆயா.’ துடைத்து வைப்பார்கள். ‘அடுத்த விரலு.’ பத்து விரலும் முடிந்த பிறகு, ‘எங்கிட்ட வெரலே இல்லங்கிறியாப்பா?’ என்று ஒரு ஆயா கேட்டது. அந்தக் கருவிக்குச் சாதி தெரியாது, வாஸ்தவம். ஆனால் தேயாத விரலைத்தான் விரல் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாருடைய விரல் தேயும், யாருடைய விரல் தேயாது என்பதைச் சாதிதானே தீர்மானித்தது?

2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைக்குச் செயலியில் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் போட்டோ. சிக்னல் இல்லை என்றால் செய்த வேலை இல்லை, கூலி இல்லை. 2024 ஜனவரியிலிருந்து கூலியும் ஆதார் வழியாகத்தான் என்றார்கள். அட, சேரிக்கு எதுக்கு செல்போன் என்று கேட்ட அதே நாடுதான்! நம்மைக் கண்காணிக்க வேண்டுமானால் போன் வேண்டும். நாம் பேச வேண்டுமானால் போன் கெடுதல்.

கல்யாணத் தளங்களைத் திறந்து பாருங்கள். சாதிக்கு ஒரு தளம், உட்சாதிக்கு ஒரு பெட்டி. தரகர் காதில் கிசுகிசுத்ததை மென்பொருள் பட்டியலிட்டு, வடிகட்டி, ஒரு சொடுக்கில் கொடுக்கிறது. அமெரிக்காவில் சாதி கிடையாது என்பவர்களுக்கு: 2020 ஜூனில் கலிஃபோர்னியா அரசுத் துறையே சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது, ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு காட்டினார்கள் என்று. இரண்டு மேலாளர்கள்மீதான வழக்கை 2023இல் விலக்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே வருஷம் பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிஃபோர்னியாவில் சாதிக்கு எதிரான மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். கணினிக்கு விசா தேவை, சாதிக்குத் தேவையில்லை.

2023 ஆகஸ்டில் நிலாவில் கலம் இறக்கினோம். சாக்கடைக் குழிக்கு ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்தில் வந்தாயிற்று. கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் 2013லேயே வந்தாயிற்று. இன்னும் மனுசனை இறக்குகிறார்கள் என்றால் தொழில்நுட்பம் இல்லாததாலா? மனுசன் மலிவாகக் கிடைப்பதால். எந்த மனுசன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நாம் என்ன செய்வது?

இந்த மண்ணில் 1957இல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். நிலம் கொடுத்தவனுக்கு இழப்பீடு, வேலை என்று பேச்சு வந்தபோது, நிலமே இல்லாமல் அதே நிலத்தில் உழைத்தவன் எந்த வரிசையில் நின்றான்? அவன் பேரன் ஒப்பந்தத் தொழிலாளி. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததில் செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளும் உண்டு. தமிழ்நாட்டின் எந்தச் செல்போனுக்கு ஏறுகிற சார்ஜிலும் அந்த உடம்புகளின் பங்கு இருக்கிறது. ஆகவே சேரிக்காரன் போன் வைத்திருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்கிறவன்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஆனால் வாங்கிவிட்டால் விடுதலை என்று நினைத்தால் கம்பெனிக்காரன் சிரிப்பான். பெட்டி நம்முடையது, பெட்டிக்குள் ஓடுவது யாருடையது? நம் பையன்களே அருவாள், மீசை, ஆண்ட பரம்பரைப் பாட்டுகளை ரீல்ஸில் ராத்திரி முழுக்கத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் எவனுக்கோ காசு.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். அச்சு எந்திரம் வெள்ளைக்காரனுடையது, நமக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கவில்லை. அதில் அடுத்தவன் அச்சடித்ததை வாசித்துக்கொண்டு மட்டும் உட்காரவும் இல்லை. 1926இல் கோலார் தங்கவயலில் நம் சுரங்கத் தொழிலாளிகள் மத்தியிலிருந்து ‘தமிழன்’ மறுபடி வந்தது. சுரங்கத்து ஊருக்கு இது புதிதல்ல.

அதனால் சொல்கிறேன். ஊர்க்கூட்டத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், நேரத்தோடு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வழக்கு 18 வருஷம் இழுக்கும், போன் இரண்டு வருஷம்தான் தாங்கும். ஆயாக்களின் நடவுப் பாட்டை, ஒப்பாரியை, சுரங்கத்தில் மூழ்கிய ஊர்களின் பெயரை அவர்கள் வாயாலேயே எடுத்து வையுங்கள். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் மாற்று வழி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜினியரிங் படிக்கிற தோழர்கள் செயலியை உபயோகிப்பதோடு நிற்காமல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருள் கம்பெனிகளிலும் இட ஒதுக்கீடு வேண்டும் என்று தெருவில் இறங்குங்கள்.

விரலைப் பார்க்கிற மெஷினைச் செய்கிற இடத்தில் முந்திரி உடைத்தவளின் பேத்தி உட்கார வேண்டும். அதுவரைக்கும் மெஷினுக்குச் சாதி இல்லை என்று எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.