பேட்லேண்ட்ஸுக்கு ரெண்டு மணி நேரம் போதுமா?

அமெரிக்காவுல எம்.எஸ். படிக்கிற நம்ம சீனியர்களோட ரோடு ட்ரிப் பிளானைப் பாருங்க. மவுண்ட் ரஷ்மோருக்கு முழு நாள். வழியில பேட்லேண்ட்ஸுக்கு ரெண்டு மணி நேரம். காரை விட்டு இறங்காமலே லூப் ரோட்டைச் சுத்திட்டு, நாலு செல்ஃபி. அநியாயம்ங்க!

சவுத் டகோட்டாவின் இந்தப் பாறைகள் வருஷத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் கரைகின்றன. கரையக் கரைய, உள்ளே புதைந்த எலும்புகள் வெளியே வருகின்றன. 2010-ல் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே வாள்பல் பூனையின் புதைபடிவத்தைக் கண்டுபிடிச்சது எந்த விஞ்ஞானியும் இல்ல, ஏழு வயசுப் பொண்ணு! ரேஞ்சர்கிட்ட போய்ச் சொன்னா. (நீங்களும் அதையே செய்யுங்க, எடுத்துட்டு வந்தா குற்றம்.) பாதையை விட்டு விலகி நடக்கவும் இங்கே அனுமதி உண்டு. அப்புறம் எதுக்குக் கார்லயே உட்கார்ந்திருக்கணும்?

ஒரு ராத்திரி தங்குங்க. சேஜ் கிரீக்ல கூடாரம் போடக் கட்டணம் இல்ல. தண்ணி மட்டும் கொண்டு போயிடுங்க. பைசன் பக்கத்துலயே மேயும், கிட்ட போகாதீங்க. மழை பெய்தா களிமண் வழுக்கும், மண் ரோட்டையும் மூடிடுவாங்க. அதனால ஒரு நாள் கூடுதலா வச்சுக்கிட்டுப் போங்க.

தெற்குப் பகுதி லகோட்டா மக்களின் நிலம். 1942-ல் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அரசாங்கம் அதை எடுத்துக்கிட்டு, அங்கிருந்த குடும்பங்களை வெளியேத்துச்சு. வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கலாம். அங்கே கண்டதைத் தொடாதீங்க.