கைகுலுக்கல் சரி, கப்பல் எங்கே?

காயல்பட்டினத்தில் கொழும்பை அறியாத வீடு அபூர்வம். இரத்தின வியாபாரத்துக்கு இவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அக்கரைக்குப் போய் வந்தவர்கள். நெல்லைச் சீமையின் கூலி விவசாயிகளோ தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆகவே டில்லியும் கொழும்பும் நெருங்குவது நமக்கு வீட்டுச் செய்தி.

2024 செப்டம்பரில் இலங்கை ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்க, டிசம்பரில் தமது முதல் அயல்நாட்டுப் பயணமாக டில்லிக்கு வந்தார். அவருடைய கட்சி ஒரு காலத்தில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று வகுப்பு நடத்தி, தோட்டத் தொழிலாளியையே அதன் கையாளாகக் காட்டிய கட்சி! 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பு சென்றபோது நம் மீனவர் 11 பேர் விடுதலையானார்கள். வரவேற்கிறோம். அண்டை நாடுகள் பகைத்தால் முதல் அடி உழைப்பாளிக்கே.

ஆனால் 1964 அக்டோபர் 30-ந் தேதியும் நல்லுறவுதான் பேசப்பட்டது. 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து நின்ற 9,75,000 தோட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று சாஸ்திரியும் சிரிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேர்? 1974-ல் இரு சர்க்கார்களும் அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கணக்குப் போடுமுன் அந்த மக்களைக் கேட்டவர் யார்? கொழுந்து பறித்த மண்ணில் 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள், மண்டபம் முகாமில் இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். சிலர் நீலகிரித் தேயிலைக்கும், சிலர் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆலைத் தோழரே, உமது பக்கத்துத் தறியில் நிற்பவர் அவர்கள் பிள்ளையாக இருக்கலாம்.

2025 ஏப்ரலில் கையெழுத்தானவை எவை? திருகோணமலையில் எரிசக்தி மையம், ராணுவ ஒத்துழைப்பு. முதலாளிக்கும் தளபதிக்கும் இடம் கிடைத்துவிட்டது. மீனவர் தகராறு மட்டும் தீரவில்லை. நம் விசைப்படகின் இழுவை மடி யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரின் வலையை அறுக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது, அவரும் பாட்டாளி. படகு முதலாளி கரையில் இருக்கிறார், கூலிக்கு ஏறியவர் சிறைக்குப் போகிறார்.

கப்பல் விஷயமும் இப்படியே. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் விடப்பட்ட பயணிகள் கப்பல் நவம்பரிலேயே நின்றது. நாகப்பட்டினத்துக்கு 2023-ல் காங்கேசன்துறைக் கப்பல் கிடைத்தது. இடையில் நின்றாலும் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது.

மீன்பிடிப் பேச்சில் இரு கரைச் சிறு மீனவர்களின் பிரதிநிதிகளை உட்கார வையுங்கள். தூத்துக்குடிக் கப்பலைக் கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் மறுபடி விடுங்கள். இரு சர்க்கார்களிடமும் நாம் கேட்பது இவ்வளவே.